பெல்சியா விழுந்த சனிக்கிழமை

என் பொண்ணு இல்ல சார். தெரிஞ்ச பொண்ணு. இப்ப உள்ள போனாங்களே ஊதா சுடிதார்ல, அதான் அம்மா. சகாயமேரி. பொண்ணு பேரு பெல்சியா, பதினாலு வயசு. தலைக்கு ஸ்கேன். விளையாடுறப்ப விழுந்து தலையில அடின்னு சீட்டுல போட்டிருக்கு. ஆமா, சீட்டுல அப்படித்தான் போட்டிருக்கு.

உங்களுக்கு யாரு? சம்சாரத்துக்கா. முதுகா? சரியாயிடும் சார், முதுகெல்லாம் இப்ப யாருக்கு இல்ல. உக்காருங்க. உள்ள கூட ஒருத்தரைத்தான் விடுவாங்க. அதான் நான் வெளிய. டோக்கன் இன்னும் முப்பத்தெட்டே வரல, உங்களுது நாப்பத்தஞ்சா? அப்ப நேரம் இருக்கு.

என் பேரு எத்திராஜ். அந்தப் பொண்ணு விளையாடுற கிளப்புல நான் செக்ரெட்டரி. ரக்பி கிளப். கிரிக்கெட் இல்ல சார், ரக்பி. முட்டை மாதிரி நீளமா ஒரு பந்து. அதைக் கையில தூக்கிட்டு ஓடணும், எதிர்க்கட்சி கட்டிப் புடிச்சுக் கீழ தள்ளும். நானும் முதல்ல பாத்துட்டு, இதென்னடா அடிதடின்னுதான் நெனச்சேன். கொரட்டூர் பக்கம், ஏரிக்கரை கிளப்புன்னு பேரு. பிள்ளைங்க பிரிவுல மட்டும் அறுபது பேரு, அதுல இருபத்தி ரெண்டு பொண்ணுங்க. எம் பொண்ணு தாரணியும் விளையாடுறா. அவளை வண்டியில கொண்டு போய் விடறதுக்குப் போனவன்தான் நான். பேனா புடிக்கத் தெரியும்னு தெரிஞ்சதும் உக்கார வெச்சுட்டாங்க.

எழுதறதுதான் சார் எனக்குப் பொழப்பு. அம்பத்தூர் எஸ்டேட்ல வண்டிக்கு ரப்பர் சாமான் செய்யற கம்பெனி, இருபத்தோரு வருஷமா குவாலிட்டி டிபார்ட்மென்ட். சாமான் செய்யறவன் இல்ல, அளந்து பாக்கறவனும் இல்ல. எழுதறவன். ஆடிட்டு வருதுன்னா மேனேஜர் முதல்ல கேக்கறது, எத்திராஜ் லீவுல இல்லையேன்னு. என் ஃபைல்ல இதுவரைக்கும் ஒரு ஆடிட்டர் சிவப்பு மசி வெச்சது கிடையாது. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொன்னேன்.

இந்த வருஷம் மேல இருக்கிற சங்கத்துலருந்து ஒரு கடுதாசி. பிள்ளைங்க பிரிவு நடத்துற கிளப்புங்களுக்கெல்லாம் இனிமே தரச் சான்று. பதினேழு விஷயம் பாப்பாங்க. பயிற்சி கொடுக்கறவங்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு இருக்கா, முதலுதவிப் பெட்டி இருக்கா, பொண்ணுங்க உடை மாத்த தனி எடம் இருக்கா, அப்பா அம்மா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் இருக்கா, புகார்ப் பெட்டி இருக்கா. நல்ல விஷயம்தானே சார்? நான் குறையே சொல்ல மாட்டேன். அது வந்ததுக்கு அப்புறம்தான் எங்க பொண்ணுங்களுக்குக் கதவு வெச்ச ஒரு ரூமே வந்துச்சு.

அதுல ஒண்ணு, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தரைப் போடணும். யாரைப் போட்டாங்கன்னு நெனைக்கறீங்க? என்னைத்தான். கிரவுண்டு கேட்டுல போட்டோ போட்டு லேமினேஷன் பண்ணி ஒட்டியிருக்கு. 'பிள்ளைகளே, உங்களுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் இவரிடம் சொல்லலாம்.' போட்டோல நான் சிரிச்சிட்டு இருக்கேன்.

இன்னொண்ணு, தலைக்காயப் பதிவேடு.

அதைச் சொல்லணும் சார் உங்களுக்கு. இந்த விளையாட்டுல தலையில அடிதான் பெரிய பயம். கை கால் போனா தெரியும், தலைக்குள்ள போனா தெரியாது. அதனால ஒரு பிள்ளைக்குத் தலையில லேசாப் பட்டாக்கூட உடனே வெளிய உக்கார வெச்சு, அந்த நோட்டுல எழுதணும். எழுதிட்டா இருபத்தோரு நாளைக்கு அந்தப் பிள்ளை பந்தைத் தொடக் கூடாது. அதுக்கப்புறமும் டாக்டர் கடுதாசி இருந்தாத்தான். நோட்டை சங்கமே அச்சடிச்சு, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு, மூணாந்தேதி சீல் வெச்சு அனுப்புச்சு. மேடம் ஒருத்தங்க பதினெட்டாந்தேதி ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாக்கறாங்கன்னு தகவல்.

பதினேழாந்தேதி ஃபைலை முடிச்சுட்டேன். எல்லாம் பக்கா. கடைசியா இந்த நோட்டைத் தொறந்தா, காலி. ரெண்டு வாரமா எந்தப் பிள்ளைக்கும் தலையில அடி படல. நல்லதுதானேன்னு கேப்பீங்க. வேற யாரா இருந்தாலும் கடவுளுக்கு நன்றி சொல்லிட்டு மூடி வெச்சிருப்பாங்க. எனக்கு மூட மனசு வரல சார்.

ஏன்னா எங்க கம்பெனில ஒரு பழக்கம் இருக்கு. குறை எழுதற நோட்டு காலியா இருந்தா ஆடிட்டருக்கு ஆகாது. ஒரு மாசமா ஒரு குறைகூட இல்லையா, அப்ப நீங்க பாக்கவே இல்லன்னு குடைய ஆரம்பிச்சுடுவாரு. அதனால ஆடிட்டுக்கு மொத நாளு நானே ரெண்டு சின்னக் குறை எழுதி வெச்சுடுவேன். இந்தத் தேதில இந்த டப்பாவுல மூணு பீஸ் சைஸ் தப்பு, எடுத்து ஒதுக்கினோம், ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தோம்னு. ஆடிட்டருக்கு மனசு குளுந்துடும். அந்த மூணு பீஸ் இருக்கவே இருக்காது. யாருக்கும் நஷ்டமில்ல. இருபத்தோரு வருஷமா இப்படித்தான் சார் எழுதறேன். கை தன்னால போயிடும்.

ஆனா பாருங்க, பீஸுக்குப் பேரு கிடையாது. பிள்ளைக்குப் பேரு எழுதணும்.

லிஸ்டை எடுத்து வெச்சுட்டு உக்காந்தேன். ஒரு பையன், அவங்க அப்பா வக்கீல். எழுதுனா மறுநாள் நோட்டீஸ் வரும். இன்னொரு பொண்ணோட அம்மா, முட்டியில சிராய்ப்புன்னாலே மூணு தடவை போன் பண்ணுவாங்க. இப்படியே வந்தேன், வந்தேன், பெல்சியா. அவங்க அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனில செக்கிங். சனிக்கிழமையும் வேலை. கிரவுண்டுப் பக்கம் வந்ததே இல்ல, யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்ல. நல்ல மாதிரி. அதனால எழுதிட்டேன். பத்தாந்தேதி சனிக்கிழமை, ஏன்னா அன்னிக்கு எங்க கோச்சு ரீகன் மாஸ்டர் யாரோட கல்யாணத்துக்கோ தூத்துக்குடி போயிருந்தாரு, நான்தான் பொறுப்பு.

என்ன எழுதுனேன்னு சொல்லட்டா? மனப்பாடமா இருக்கு. 'காலை ஏழு இருபது. பிடித்துத் தள்ளும் பயிற்சியில் தலையின் வலப்பக்கம் தரையில் மோதியது. பத்து விநாடி பதில் இல்லை. உடனே வெளியேற்றப்பட்டார். பெற்றோருக்குத் தகவல் தரப்பட்டது.' பத்து விநாடி எதுக்குன்னா, ஆடிட்டருங்களுக்கு நம்பர்னா ஒரு பிரியம். சும்மா 'கொஞ்ச நேரம்'னு எழுதுனா மூஞ்சியைச் சுளிப்பாங்க.

மறுநாள் மேடம் வந்தாங்க. நல்ல மனுஷி. வெயில்ல சுத்திப் பாத்தாங்க, பாத்ரூம் வரைக்கும் போய்ப் பாத்தாங்க. கடைசியா இந்த நோட்டைப் படிச்சாங்க. ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் மாஸ்டரைக் கூப்பிட்டு, "எத்தனையோ கிளப்பு பாத்துட்டேன், எல்லா எடத்துலயும் இந்த நோட்டு காலி, மறைக்கறாங்க. நீங்க ஒருத்தங்கதான் உண்மையா எழுதியிருக்கீங்க"ன்னு சொன்னாங்க சார். பிள்ளைங்க எல்லாம் கை தட்டுச்சுங்க. பெல்சியாவும் தட்டுனா. எதுக்குத் தட்டுறோம்னு அதுக்கு எங்க தெரியும். மேடம் அந்தப் பக்கத்தை போட்டோ புடிச்சு, மத்த கிளப்புக்கெல்லாம் இப்படி எழுதணும்னு காட்டறதுக்கு சங்கத்துக்கு அனுப்பிட்டாங்க. சான்று வந்தாச்சு. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு.

அதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் சார் இங்க உக்காந்திருக்கப் போறேன்.

அடுத்த ஞாயிறு, இருபத்தஞ்சாந்தேதி, மாநில டீமுக்கு ஆளெடுக்கறாங்க. பதினாறு வயசுக்குக் கீழ பொண்ணுங்க. எங்க கிளப்புலருந்து அஞ்சு பேரு, பெல்சியா முதல் பேரு. அவ விளையாடி நீங்க பாக்கல. கும்பலா விழுந்து கிடப்பாங்க, அதுக்கு நடுவுலருந்து பந்தை உருவி வெளிய எறியணும், அந்த எடத்துல ஆடுற பொண்ணு. எலி மாதிரி பூந்து வருவா. மேசையில பேரு சொன்னா, அங்க இருந்தவரு லிஸ்டைப் பாத்துட்டு, "நீ தலைக்காயத்துல இருக்கம்மா, இன்னும் பதினஞ்சு நாள்தான் ஆகுது, ஆட முடியாது"ன்னுட்டாரு. அவரு மேல தப்பில்ல. போட்டோ அவருகிட்ட இருக்கு. பொண்ணு, "எனக்கு எந்த அடியும் படல சார்"ங்கறா. அவரு சிரிச்சாரு. ஆளெடுக்கற அன்னிக்கு எல்லாப் பிள்ளையும் அப்படித்தானே சொல்லும்.

மாஸ்டர் என்கிட்ட ஓடி வந்து, "என்ன எத்திராஜ், இவளுக்கு எப்ப அடிபட்டுச்சு?"ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எழுதியிருக்கே மாஸ்டர்"னேன். அவ்ளோதான் சொன்னேன். அடிபட்டுச்சுன்னு நான் சொல்லல, கவனிச்சீங்களா? எழுதியிருக்கேன்னுதான் சொன்னேன்.

சாயங்காலம் சகாயம் போன் பண்ணுச்சு. "அண்ணா, பொண்ணு அழுவுது, தலையில அடிபட்டதா எழுதியிருக்காமே, எனக்கு யாரும் சொல்லலயே"ன்னு. நோட்டுல பெற்றோருக்குத் தகவல்னு இருக்குதே, நான் என்ன பண்ணுவேன்? "பொண்ணுகிட்டதாம்மா சொல்லி அனுப்பியிருப்பாங்க"ன்னேன். அனுப்பினேன்னு சொல்லல சார். அனுப்பியிருப்பாங்கன்னேன். "அப்ப இவதான் மறைச்சுட்டா"ன்னுச்சு. நான் போனை வெச்சுட்டேன்.

இன்னும் கேளுங்க. சகாயத்தோட வீட்டுக்காரரு, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, பாடி பாலத்துக்கிட்ட வண்டி சறுக்கிக் கீழ விழுந்தாரு. தானே எழுந்தாரு, தானே வண்டியை ஓட்டிட்டு வீட்டுக்கு வந்தாரு. ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் இல்லடின்னுட்டு, ரெண்டு வாய் சாப்பிட்டுப் படுத்தாரு. காலைல எழுந்திருக்கல. மண்டைக்குள்ள ரத்தக்கட்டு. இப்ப இந்தப் பொண்ணு நாள் பூரா, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லம்மா"ங்குது. அந்தம்மாவுக்கு எப்படி இருக்கும்? "அவரும் இதே வார்த்தைதாண்ணா சொன்னாரு"ன்னு என்கிட்ட சொல்லுச்சு.

எனக்குத் தெரியுமான்னா கேக்கறீங்க? தெரியும் சார். ஒரே ஏரியாதான், சாவுக்குப் போயிருக்கேன், மாலை போட்டிருக்கேன். எழுதறப்ப ஞாபகம் வரல. வந்திருந்தா எழுதியிருக்க மாட்டேன். எழுதியிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கறேன்.

சகாயம் என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலை. கோயில்ல என் பேரைச் சொல்லி பூசை கொடுத்திருக்கு. "நீங்க எழுதி வெக்கலன்னா இவளும் அவரு மாதிரி தூக்கத்துலயே போயிருப்பாண்ணா"ன்னுச்சு. பொண்ணு சொல்றதை நம்பலாமேம்மான்னு லேசா ஆரம்பிச்சேன். அதுக்கு, "நானும் செக்கிங்ல இருக்கறவ அண்ணா. வாயில சொல்றது சொல்றதுதான், எழுதி வெச்சதுதான் நெசம்"னுச்சு. நானும் கம்பெனிக்குப் புதுசா வர்ற பசங்களுக்கு அதைத்தானே சார் சொல்லிக் கொடுக்கறேன்.

புதன்கிழமை புகார்ப் பெட்டியைத் தொறந்தேன். வாரா வாரம் நான்தான் தொறக்கணும். மூணு சீட்டு. ஒண்ணு, பாத்ரூம்ல தாழ்ப்பாள் சரியில்ல. இன்னொண்ணு, எத்திராஜ் அங்கிள் விசில் ஊதுனா காது வலிக்குது. மூணாவது பெல்சியா. பேரு போட்டு, தேதி போட்டு, அழகா எழுதியிருக்கா. 'அங்கிள், உங்களிடம் யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் விழவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. யார் சொன்னது என்று விசாரிக்கவும்.'

விசாரிக்கணுமாம். யாரோ என்னை ஏமாத்திட்டாங்கன்னு நெனைக்குது அந்தப் பொண்ணு. அந்த ஃபைல்ல முந்நூறு பேப்பர் இருக்கு சார், அத்தனையும் நான் எழுதுனது. ஒரு பிள்ளை தானா எழுதிக் கொடுத்த பேப்பர் அது ஒண்ணுதான். நான் அதை மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

சொல்லுங்க சிஸ்டர். ஆமா, பெல்சியா கூட வந்தவன்தான். நேர்ல பாத்தது யாருன்னா? ...நான்தான். வலது பக்கம். பத்து செகண்ட் இருக்கும். வாந்தியெல்லாம் இல்ல. எங்க கையெழுத்து, இங்கயா?

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க. டாக்டருக்குத் தகவல் வேணும்ல? ஒண்ணும் சொல்லலன்னா குழம்பிடுவாங்க. நோட்டுல ஒண்ணு இருந்து, இங்க வேற ஒண்ணு சொன்னா பொருந்தாது. நான் இதுவரைக்கும் 'பாத்தேன்'னு யாருகிட்டயும் சொன்னதில்ல. இப்பதான் முதல் தடவை. கையெழுத்தும் போட்டுட்டேன், இல்ல?

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

வியாழக்கிழமை டாக்டர்கிட்ட காட்டுனப்பவும் நான் கூடப் போனேன். "துணைக்கு வாங்கண்ணா, கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது"ன்னு சகாயம் கூப்பிட்டுச்சு. டாக்டர் சின்ன வயசுக்காரரு, பொறுமையாப் பேசினாரு. பொண்ணு திரும்பத் திரும்ப, "நான் விழவே இல்ல டாக்டர்"னா. அவரு நோட்டுல எழுதியிருக்கறதைப் பாத்தாரு, பத்து செகண்ட் பதில் இல்லன்னு இருக்கா, பாத்துட்டு அம்மாகிட்ட திரும்பி, "தலையில அடிபட்டவங்களுக்கு அடிபட்டதே மறந்துடும்மா, அது சகஜம். இவ இல்லன்னு சொல்றதே ஒரு அறிகுறிதான்"னாரு.

நான் அங்கதான் உக்காந்திருந்தேன் சார். அப்பவே சொல்லியிருக்கணும். அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்தேன். அதுவரைக்கும் கோவமா இருந்தா. டாக்டர் அப்படிச் சொன்னதும் கோவம் போயிடுச்சு. கையைத் தூக்கி, தலையோட வலது பக்கத்தைத் தடவிப் பாத்தா. அமுக்கி அமுக்கிப் பாத்தா, வலிக்குதான்னு.

இன்னிக்கு வர்றப்ப ஆட்டோல சகாயம் முன்னாடி டிரைவர்கிட்ட வழி சொல்லிட்டு இருந்துச்சு. பொண்ணு என் பக்கம் குனிஞ்சு, மெதுவா, "அங்கிள், நெசமாவே நான் விழுந்தேனா?"ன்னு கேட்டா. நான் என்ன சொன்னேன்னா, "பேசாம வாம்மா, தலை வலிக்கப் போகுது"ன்னேன்.

என்ன சார், எந்திரிக்கறீங்க? நாப்பதுதான் ஓடுது. உக்காருங்க. இன்னொண்ணு இருக்கு.

அதான் தாரணி. எம் பொண்ணு. அவளும் அதே எடத்துல ஆடுறவதான், பந்தை உருவி எறியற எடம். பெல்சியா இருக்கற வரைக்கும் இவ வெளிய உக்காந்து தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுப்பா. அன்னிக்குப் பெல்சியாவை நிறுத்தினதும் மாஸ்டர் இவளை உள்ள விட்டாரு. ஆடுனா. நல்லாத்தான் ஆடுனா. எடுத்துட்டாங்க. மாநில டீமு. திங்கக்கிழமை லிஸ்ட்டு மேல போகுது.

சத்தியமா சார், அதுக்காக எழுதல. வீட்டுல என் சம்சாரம்கூட ஒரு மாதிரியா கேட்டா, அவகிட்டயும் சத்தியம் பண்ணேன். வக்கீல் பையன், போன் பண்ற அம்மா, எல்லாரையும் தள்ளிட்டு வந்துதான் அந்தப் பேருல நின்னேன். எனக்குத் தோணவே இல்ல.

...எழுதறப்ப தோணல. எழுதி முடிச்சு, பேனாவுக்கு மூடி போட்டுட்டு, தேதியை எண்ணிப் பாத்தேன். பத்தும் இருபத்தொண்ணும் முப்பத்தொண்ணு. இருபத்தஞ்சாந்தேதி நடுவுல வருதேன்னு தோணுச்சு. ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தேன் சார். அந்தப் பக்கத்தை அடிச்சிட்டு வேற பேரு எழுதியிருக்கலாம். அடித்தல் திருத்தல் இருந்தா மேடம் கேப்பாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நோட்டை மூடிட்டேன்.

யாருகிட்டயும் சொன்னதில்ல இதை. உங்க பேருகூட எனக்குத் தெரியாது.

தாரணிக்குச் சந்தோஷம்தான். சந்தோஷமாத்தான் இருக்கணும். ஆனா ஒரு வாரமா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல. வண்டியில ஏற மாட்டேங்கறா, பஸ்ல போறேங்கறா. ஆளெடுத்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அப்பா, அந்தச் சனிக்கிழமை நான் பெல்சி கூடத்தானே இருந்தேன், அவ எப்ப விழுந்தா?" நீ தண்ணி குடிக்கப் போயிருப்பம்மான்னேன். சரிப்பான்னு உள்ள போயிட்டா. அந்த வயசு அப்படி சார். பொண்ணுங்க கொஞ்ச நாளு அப்பாகிட்ட முறுக்கிக்கும், அப்புறம் சரியாயிடும். உங்களுக்குப் பொண்ணு இருக்கா? அப்படித்தானே? அப்படி இல்லையா?

கதவு தொறக்கறாங்க. வந்துட்டாங்க பாருங்க.

வாம்மா சகாயம். உக்காரு. என்ன சொன்னாங்க? ரிப்போர்ட்டு சாயங்காலமா, சரி, வாயால என்ன சொன்னாங்க? ஒண்ணும் இல்லையாமா? ரத்தக்கட்டு, கிட்டக்கட்டு எதுவும் இல்லையா? அப்பாடா. அழாதம்மா. இதுக்குப் போய் அழுவாங்களா, நல்ல சேதிதானே. கண்ணைத் தொடை.

பாத்தீங்களா சார், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. பொண்ணு நல்லா இருக்கா. டாக்டர் கடுதாசி வாங்கிட்டா இவ அடுத்த வாரமே பந்தைத் தொடலாம். அடுத்த வருஷம் ஆளெடுப்பாங்க, அடுத்த வருஷமும் இவளுக்கு வயசு இருக்கு. யாருக்கும் பெருசா ஒண்ணும்... நான் சொல்றது சரிதானே? இனிமே எதையும் கிளறி ஆகப் போறது என்ன.

என்ன பெல்சி? என்னம்மா, வாயைத் தொறந்து சொல்லு. ஸாரியா? எதுக்கு எங்கிட்ட ஸாரி? அம்மா கேக்கச் சொன்னாங்களா. சகாயம், நீ எதுக்கு அதைக் கேக்கச் சொல்ற? என்னைப் பொய்யன் ஆக்கினாளா? இவளா? நீ சும்மா இரும்மா ஒரு நிமிஷம், அவ பேசட்டும்.

என்ன சொன்ன?

இல்ல, திருப்பிச் சொல்லு. நான்தான் மறந்துட்டேன் அங்கிள்னா சொன்ன? விழுந்தது இப்ப லேசா ஞாபகம் வருதா? வலது பக்கமா? புல்லு இல்லாத எடத்துலயா?

சார், போகாதீங்க. உங்க நம்பரைக் கூப்பிட்டாலும் ஒரு நிமிஷம் இருங்க. எழுந்து போயிடாதீங்க சார், நீங்க போயிட்டா நான் மறுபடியும் மாத்திச் சொல்லிடுவேன்.

சகாயம், இங்க என்னைப் பாரு. பொண்ணு கையை விடாம புடிச்சுக்கோ. உம் பொண்ணு விழல. உங்கிட்ட எதையும் மறைக்கல. அன்னிக்குச் சனிக்கிழமை ஏழு இருபதுக்கு இவ எம் பொண்ணு கூட நின்னு சிரிச்சிட்டு இருந்தா. நான் பாத்தேன்.